அறுபது அடியில் ஆடிய தண்ணீர்

ஜீடிமெட்லா,
ஹைதராபாத்.
4-5-2025, ஞாயிறு மாலை

என் அன்பு மகள் எவாஞ்சலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கர்த்தருடைய இரக்கத்தால் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால்தான் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோவாக் குட்டியும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஒரு தீங்கும் அணுகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் மூன்று பேரையும் காலை ஜெபத்தில் வைக்காத நாள் இல்லை. நோவாவுக்குக் காதுவலி நின்றதா, காதில் எண்ணெய் எதுவும் விடாதே, நான் அன்றைக்குப் போனில் சொன்னதைக் கேட்காதே, டாக்டர் சொல்வதையே செய். இங்கே வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது. போன ஞாயிறு வீடியோவில் பார்த்துவிட்டு, ஏம்மா இப்படி இளைச்சுட்டீங்க, என்ன ஆச்சு என்று கேட்டாய், ஒன்றுமில்லை வெயில்தான் என்று சொல்லிவிட்டேன். அது பொய். ஐந்து வாரமாக ஒரு காரியம் மனதைப் போட்டுக் கடைந்துகொண்டிருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ இங்கிலீஷில் குறுக்கே கேள்வி கேட்பாய், அப்பா பக்கத்தில் இருந்து அது அப்படி இல்லை என்பார், நான் எந்த இடத்தில் விட்டேன் என்பதே மறந்துபோகும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். ஞாயிறு பள்ளியில் படித்த தமிழை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டி வாசி. ஏதாவது இடத்தில் புரியவில்லை என்றால் அது உன் தமிழின் குறை இல்லை, எழுதுகிற எனக்கே புரியவில்லை.

நம்ம காலனி ஹாலுக்குப் பின்னால் மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்ட பழைய போர்வெல் ஒன்று இருக்கிறதே, அதில் நான் தண்ணீர் மட்டம் அளக்கிறேன் என்று உனக்குத் தெரியும். டேங்கருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று காலனிக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று சங்கத் தலைவர் பாலச்சந்திரன் சார் கேட்டுக்கொண்டதால் ஜனவரியிலிருந்து செய்கிறேன். கட்டிட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற நூறு அடி டேப்பின் நுனியில் அப்பா ஒரு சின்னத் தகர டப்பியைக் கவிழ்த்துக் கட்டிக் கொடுத்தார், உள்ளே இறக்கினால் தண்ணீரைத் தொட்டதும் டப் என்று சத்தம் கேட்கும், அந்த இடத்தில் எத்தனை அடி என்று பார்த்து நோட்டில் எழுதிவிட வேண்டியது. காலை ஆறரைக்கு ஒருதரம், மத்தியானம் ஒருதரம். முப்பத்திரண்டு வருஷம் போலாரத்தில் பிள்ளைகளுக்கு ஜியாகிரபி சொல்லிக்கொடுத்தவளுக்கு ரிட்டையர் ஆன பிறகு கிடைத்த ஒரு சின்ன கௌரவம் அது, டீச்சரம்மா நோட்டில் இருந்தால் அது கரெக்டாக இருக்கும் என்று காலனியில் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன். காலனிக்குப் பின்மதிலை ஒட்டி ஒரு மருந்துக் கம்பெனி இருக்கிறது, அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் பழைய போர்களில் விடுகிறார்கள் என்று பல வருஷமாக ஒரு பேச்சு. பாலச்சந்திரன் சார் மனைவிக்குக் கை முழுவதும் தோல் வெடித்துப் போயிருக்கிறது, அந்த அம்மா சமையலுக்குக் கையுறை போட்டுக்கொண்டுதான் தண்ணீரைத் தொடுகிறார்கள். ஆனால் யாரும் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. காலையில் அறுபத்திரண்டு அடியில் தண்ணீர், முந்தின நாளும் அதுதான், அதற்கு முந்தின நாளும் அதுதான். மத்தியானம் கரண்ட் இல்லை, காலனியில் எந்த மோட்டாரும் ஓடவில்லை, அளப்பதற்கு நல்ல நேரம் என்று குடை பிடித்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும். டேப்பை இறக்கினேன், அறுபத்தொன்றிலேயே டப் என்றது. கையை அப்படியே நிறுத்தினேன். சத்தம் நின்றது. நான் டேப்பை அசைக்கவில்லை எவா, சத்தியமாக அசைக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் மறுபடி தானாகவே டப் என்றது, மறுபடி நின்றது, மறுபடி டப். கீழே யாரோ மூச்சு விடுகிற மாதிரி தண்ணீர் டப்பியைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது. வெயிலில் தலை சுற்றுகிறதோ என்று போர் வாயில் நிற்கிற கேசிங் பைப்பைப் பிடித்துக்கொண்டேன். பைப் அசையவில்லை, தரை அசையவில்லை, மதில் மேல் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது, அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன், உன் கைதான் ஆடுது, வயசாயிடுச்சு என்று சொல்லிவிடுவாரோ என்று கூப்பிடாமல் வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. சாயங்காலம் மறுபடி அளந்தேன். தண்ணீர் அசையாமல் அறுபதில் நின்றது. மூன்று மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை, அரை நாளில் இரண்டு அடி எங்கிருந்து ஏறும்? நோட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அன்று சாயங்காலம் நியூஸில் பர்மா பூகம்பத்தைக் காட்டினார்கள், பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டிடம் சரிந்ததைப் பார்த்து நானும் அப்பாவும் உட்கார்ந்து அழுதோம், ஜெபம் பண்ணினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூகம்ப அலை எப்படிப் போகும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டிய கை இது. எனக்கு அந்த டப் சத்தம் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலை எல்லார் வீட்டுக் குழாயிலும் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர் வந்தது. பாலச்சந்திரன் சார் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து, டீச்சர் மோந்து பாருங்க, மருந்து நாத்தம் அடிக்குதா இல்லையா என்று கேட்டார். மோந்து பார்த்தேன், அடித்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அவர் சொல்லாமல் கொடுத்திருந்தால் அடித்திருக்குமா? தெரியவில்லை. நேற்று மத்தியானம் ஏதாவது பார்த்தீங்களா என்று கேட்டார், நோட்டைக் காட்டினேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. மழை இல்ல, தண்ணி ஏறியிருக்கு, அப்படின்னா எவனோ உள்ள விட்டிருக்கான், நீங்க அதைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டீங்க டீச்சர் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு என்னவாக இருக்க முடியும் என்று பட்டது. மறுநாள் ஞாயிறு, உகாதி, சாயங்காலம் ஹாலில் எல்லாருக்கும் பச்சடி கொடுத்துவிட்டுக் கூட்டம் போட்டார்கள், ஒரு தெலுங்குப் பேப்பர்க்காரரும் வந்திருந்தார். என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். நான் அளந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவங்க கழிவைப் போர்ல விட்டாங்க, தண்ணி ஆடினதை நான் நேர்ல பார்த்தேன் என்று சொன்னேன். அந்த நேரத்துல டியூட்டில யாரு இருப்பாங்க என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. கிளாஸில் கேள்வி கேட்டால் தெரிந்த பிள்ளை கையைத் தூக்குமே, அப்படி வாய் முந்திக்கொண்டது. டேனியல் என்றேன்.

ஆமாம் எவா, நம்ம டேனியல்தான். லோத்குண்டா டேனியல், நம்ம சபைக் கொயரில் பேஸ் குரலில் பாடுகிறவன், உன் கல்யாணத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தியில் நின்று பரிமாறினவன். கொரோனாவில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது எங்கேயோ அலைந்து சிலிண்டரை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினானே, உன்னால் அப்போது வர முடியவில்லை, அவன் வந்தான். அவன் அந்தக் கம்பெனியில் கழிவுத் தண்ணீர் சுத்தம் செய்கிற பிளாண்டுக்கு இன்சார்ஜ், பகல் ஷிப்ட் என்று அவனே ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னதுதான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவனைக் குற்றம் சொல்கிறேன் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், அது நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை பேப்பரில் அவன் பெயரோடு வந்துவிட்டது. புகார் மனுவில் நேரில் கண்ட சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள், கம்பெனிக்குள்ளும் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை கம்பெனி டேனியலை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது, தங்கள் மேல் தப்பில்லை, அந்த ஆள் என்ன செய்தான் என்று விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டது. குருத்தோலை ஞாயிறன்று கொயரில் அவன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவன் மனைவி ஆக்னஸ் மட்டும் வந்திருந்தாள். ஆராதனை முடிந்து நான் பக்கத்தில் போனேன், அவள் மணிபர்சில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே போய்விட்டாள். அப்பா அதுவரை, எங்க வீட்டு டீச்சர் காலனியையே காப்பாத்திட்டா என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று வீட்டுக்கு வரும் வழியில் காரில் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஹர்ஷிதா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நிலத்தடித் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிறவளாம், அரை கிலோமீட்டர் தள்ளி சர்க்கார் ஸ்கூல் மைதானத்தில் அவர்களுடைய போர் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு கருவி தொங்குகிறது, நிமிஷத்துக்கு நிமிஷம் மட்டத்தைப் பதிந்துகொள்ளுமாம். கையால் அளந்து நோட்டில் எழுதுகிற டீச்சர் ஒருத்தர் காலனியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தாள். தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசுகிறாள், உன் வயசுதான் இருக்கும். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் மார்ச் இருபத்தெட்டில் நின்றாள். என்ன நேரம் ஆன்ட்டி என்றாள். பன்னிரண்டு ஐந்து என்றேன். தண்ணீர் எப்படி இருந்தது என்றாள். யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை எவா, எல்லாரும் எத்தனை அடி ஏறியது என்றுதான் கேட்டார்கள். டப் டப் என்று தானாகத் தொட்டதைச் சொன்னேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள், ஆன்ட்டி நீங்க பூகம்பத்தைக் காதால கேட்டிருக்கீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லேப்டாப்பில் அவர்கள் கருவி பதிந்ததைக் காட்டினாள். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி மேலும் கீழும், அரை மணி கழித்து அடங்கி, பழைய இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் உயரத்திலேயே நின்றுவிட்டது. போலாரம் பக்கத்தில் இன்னொரு போரில் இதே ஆட்டம், ஆனால் மட்டம் ஏறவில்லை. பர்மாவில் பூமி ஆடியது நம்ம நேரம் பதினொன்று ஐம்பதுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தாண்டி அந்த அலை இங்கே வர ஒன்பது பத்து நிமிஷம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேஜை மேல் இருக்கிற டம்ளர் தண்ணீர்கூட ஆடவில்லையே, பூனைகூட எழுந்திருக்கவில்லையே, அறுபது அடிக்குக் கீழே இருப்பது மட்டும் எப்படி ஆடும் என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நமக்குக் கீழே இருப்பது கல், அதில் முடி முடியாக வெடிப்பு, வெடிப்பு முழுக்கத் தண்ணீர். அலை போகும்போது கல் நமக்குத் தெரியாத அளவு இறுகுகிறது, தளர்கிறது. பெரிய பரப்பில் அந்தத் துளி துளி இறுக்கம் சேர்ந்து தண்ணீரைத் தள்ள, அது வெளியே வர ஒரே வழி உங்கள் ஆறு அங்குலப் போர், அதனால் அங்கே மட்டும் அடிக்கணக்கில் ஏறி இறங்கும் என்றாள். வெடிப்பில் அடைத்துக்கொண்டிருந்த மண் அந்த ஆட்டத்தில் கழன்று வழி விட்டால், பக்கத்திலிருந்து தண்ணீர் வந்து மட்டம் ஏறியே நிற்கும், கழன்ற மண் குழாயில் சிவப்பாக வரும். எல்லாப் போரிலும் ஒரே மாதிரி ஆகாது, ஏன் ஒன்றில் ஏறுகிறது ஒன்றில் ஏறவில்லை என்று எங்களுக்கே முழுக்கத் தெரியாது என்றாள். அப்படியானால் கம்பெனி ஒன்றும் விடவில்லையா என்று கேட்டேன். மட்டம் ஏறினதுக்கும் ஆடினதுக்கும் பூகம்பம்தான் காரணம்னு நான் எழுதிக் கொடுப்பேன் ஆன்ட்டி, மண் கலர்ல வந்ததுக்கும் அதுவா இருக்கலாம், நாத்தத்தைப் பத்தி எனக்குத் தெரியாது என்றாள். அவள் போன பிறகு டீ போட்டு வைத்ததை மறந்து ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது டேனியல் நினைப்பு இல்லை, வெட்கம். ஜியாகிரபி டீச்சர்.

பாலச்சந்திரன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர், இதை வெளிய சொல்லாதீங்க டீச்சர் என்றார். இருபது வருஷமாக ஒன்றும் நடக்காத இடத்தில் இப்போதுதான் ஆபீஸர் உள்ளே போயிருக்கிறார், பூகம்பம் என்று சொன்னால் பைலை மூடிவிடுவார்கள், அவங்க யோக்கியம்னு நீங்க சர்டிபிகேட் கொடுத்த மாதிரி ஆயிடும் என்றார். அவர் பேசும்போது அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், கை இரண்டையும் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு. அவர் கெட்டவர் இல்லை எவா, அதுதான் கஷ்டம். தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதே வாரம் வந்தது. இருக்கக் கூடாதது இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கத்துப் போர்களில் பழைய நாளிலிருந்தே இருப்பதுதான், அன்றைக்கு விட்டதா என்று சொல்ல முடியாது என்று போட்டிருந்தது. அதைப் படித்து நான் இன்னும் குழம்பினேன். அப்பாவிடம் என்ன செய்யலாம் என்றால், நக்கோ, வேண்டாம், என்னைக் கேட்காதே, நீ பார்த்தது வேற நீ சொன்னது வேற, ரெண்டுக்கும் நடுவுல நீதான் நிக்கிற என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டார். பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனையில் பாஸ்டர் பேசியது ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஆட்டோவில் லோத்குண்டா போனேன். ஆக்னஸ் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, நகர்ந்து வழி விட்டாள். டேனியல் சமையலறையில் கீழே உட்கார்ந்து மிக்சியைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், வாங்கக்கா என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், பூகம்பம், ஹர்ஷிதா, கோடு, எல்லாம். நான் யாரையும் பார்க்கலப்பா, தண்ணி ஆடினதை மட்டும்தான் கேட்டேன், பார்த்தேன்னு சொன்னது பொய், என்னை மன்னிச்சுக்கோ என்றேன். ஆக்னஸ்தான் முதலில் பேசினாள். எங்க வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா, டேனியல் நீ விட்டியான்னு ஒரு வார்த்தை, அதுக்கப்புறம் கூட்டத்துல சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன், பிள்ளை டியூஷனுக்குப் போக மாட்டேங்கிறா என்று சொல்லி அழுதாள். டேனியல் என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு தலை நிமிராமல், அன்னிக்கு விடலக்கா என்றான்.

அன்னிக்கு என்றான். எனக்கு அந்த ஒரு வார்த்தை சுருக்கென்றது, ஆக்னஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜூலையில் ஒரு வாரம் விடாமல் கொட்டியதே, அப்போது கழிவுத் தொட்டி நிறைந்து வழிகிற நிலை, எடுக்க வேண்டிய லாரி வரவில்லை. மேலே இருக்கிறவர்கள் பாய்லர் பின்னால் இருந்த காய்ந்த போரில் ஹோஸை இறக்கச் சொன்னார்கள். இரண்டு நாள். லாரி எடுத்துப் போனதாக ரிஜிஸ்டரில் இவன் கையெழுத்து. மூன்றாம் நாள் இனிமேல் முடியாது என்று இவன் சண்டை போட்டதும் அந்தப் போரை சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். அதுக்கப்புறம் ஒரு சொட்டு விடலக்கா, பிள்ளை மேல சத்தியமா, ஆனா அந்த ரெண்டு நாளை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, ஆக்னஸ்கிட்டயும் சொன்னதில்ல என்றான். மன்னிப்புக் கேட்கப் போன நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். நான் சொன்னது பொய்யா? பொய்தான், அன்றைக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை. நிஜமா? செய்யவே இல்லை என்றும் சொல்ல முடியாதே. என் மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, அவனை மன்னிக்கிறேன் என்று சொல்ல நான் யார்? மூன்று பேரும் கழற்றிப் போட்ட மிக்சியைச் சுற்றி நின்றோம். கடைசியில் ஆக்னஸ்தான், உட்காருங்கக்கா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து ஹர்ஷிதாவுக்குப் போன் பண்ணி, யார் எவர் என்று சொல்லாமல், எப்போதோ உள்ளே போன அழுக்கு வெடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் பூகம்ப ஆட்டத்தில் கழன்று வெளியே வருமா என்று கேட்டேன். வர வாய்ப்பு இருக்கு ஆன்ட்டி, ஆனா ஒரு நோட்டையும் ஒரு ரிப்போர்ட்டையும் வச்சு அப்படித்தான்னு சொல்ல முடியாது என்றாள். இருக்கலாம், சொல்ல முடியாது. இந்த இரண்டு வார்த்தையோடுதான் ஈஸ்டர் பண்டிகையே எனக்குக் கழிந்தது.

திங்கட்கிழமை உட்கார்ந்து ஆபீஸுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். டேனியல் சொன்னதை அதில் எழுதவில்லை, அது என்னுடையது இல்லை. நான் அளந்தது இவ்வளவு, நேரம் இது, அதற்குப் பூகம்பம் காரணம் என்று தெரிகிறது, யாரும் எதையும் விட்டதை நான் பார்க்கவில்லை, டேனியல் என்று நான் சொன்னது தவறு, ஆனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற புகார் அப்படியே நிற்கிறது என்று எழுதி, ஹர்ஷிதா கொடுத்த கோட்டுப் படத்தையும் வைத்து அனுப்பினேன். ஒரு நகலைப் பாலச்சந்திரன் சார் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. ஹால் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், நான் இப்போது சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் அளக்கிறேன். அவர் மனைவி மட்டும் நேற்று மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குப் புரியவில்லை. கம்பெனி போன வாரம் டேனியலைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது, பிளாண்டில் இல்லை, ஸ்டோர்ஸில்.

அவன் அதோடு நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே நம்ம வீட்டுக்கு வந்தான், தாடி எடுத்திருந்தான். அப்பா முன்னாலேயே சொன்னான். நீங்க உங்க தப்பை எழுதிக் கொடுத்துட்டீங்கக்கா, அதனால நான் சுத்தமானவன்னு எல்லாரும் கை கொடுக்கிறாங்க, சபையில பாஸ்டர் கட்டிப்பிடிக்கிறார், எனக்குத் தாங்க முடியல, அந்த ரெண்டு நாளை அதே ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லப் போறேன், எந்தப் போர்னு காட்டினாத்தானே அதைத் தோண்டிப் பார்த்துச் சுத்தம் பண்ண முடியும் என்றான். ஆக்னஸ் சரி என்று சொல்லிவிட்டாளாம். தனியாப் போகக் கால் வரல, நீங்க கூட வருவீங்களாக்கா என்று கேட்டான். அவன் வேலை போகும், கேஸும் வரலாம். போகாதே என்று சொல்ல வாய் வந்தது, போ என்று சொல்லவும் வாய் வந்தது. அன்றைக்கு ஒரு பெயரை அவ்வளவு சுலபமாகச் சொன்னவளுக்கு இன்றைக்கு ஒரு வார்த்தை எழும்பவில்லை. அப்பாதான், ஆட்டோ எல்லாம் வேண்டாம், மூணு பேரும் நம்ம கார்லயே போகலாம், நான் ஓட்டறேன் என்றார். நான் வருகிறேன் என்று டேனியலிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போகிறோம். நான் செய்தது சரியா, செய்யப் போவது சரியா, எனக்குத் தெரியாது எவா. எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இதை மாப்பிள்ளையைத் தவிர யாரிடமும் இப்போது சொல்லாதே. டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, நோவாவைத் தொப்பி இல்லாமல் வெளியே கூட்டிப் போகாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். உங்கள் மூன்று பேரையும் கர்த்தர் கண்ணின் மணி போல் காத்து, போகும்போதும் வரும்போதும் கூடவே இருப்பாராக. செவ்வாய் பதினோரு மணி என்றால் உனக்கு விடியற்காலை ஆறரை, அந்த நேரம் எழுந்திருப்பாய் என்று நினைக்கிறேன், அப்போது டேனியலையும் ஆக்னஸையும் பெயர் சொல்லி ஜெபித்துக்கொள்.

உன்னை எந்நாளும் நினைத்திருக்கும் அம்மா,
ஞானசௌந்தரி ஜெயகரன்